ஒரே நடை

மலை ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையில் பதினான்கு திருப்பங்கள். பதினொன்றாவதுக்குக் கழுத்து என்று பெயர். வைத்தவன் பட்டவனாகத்தான் இருக்க வேண்டும். சுமை ஏற்றிய எந்த வண்டியும் அந்த இடத்தில் தொண்டையைப் பிடித்த மாதிரி திணறும். அம்மாவின் வண்டி முழுச் சுமையோடு ஒரே ஒரு தடவை அதை ஏறப் பார்த்தது. பாதியில் நின்று, பின்னாலேயே உருண்டு, ஓரச் சுவரில் இடித்துக்கொண்டு நின்றது. அன்றிலிருந்து அம்மா அரைச் சுமை, இரண்டு நடை என்று வைத்துக்கொண்டாள். பதினொரு வருஷமாக அப்படித்தான்.

சுமை என்பது துணி. ஆஸ்பத்திரியின் விரிப்புகள், தலையணை உறைகள், நர்சுகளின் உடுப்பு, ஆபரேஷன் தியேட்டரின் பச்சை அங்கிகள். மத்தியானம் அழுக்காக இறங்கி வரும். மறுநாள் விடிகாலை வெளுத்து மேலே ஏற வேண்டும். வீட்டு வாசலில் ஒரு பிரம்புக் கூடை. அதில் விழுந்தது எதுவானாலும் நேரே அம்மாவிடம் போகும். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீரும் உப்பும். சூடு பட்டால் கறை உட்கார்ந்துவிடும். மற்றதெல்லாம் கொதிகலனுக்குள். பிறகு அலசும் தொட்டி, பிழியும் உருளை, அதற்கப்புறம் அப்பாவின் இலாகா. வெள்ளை என்றால் கஞ்சி உண்டு, பச்சை என்றால் கிடையாது. அதற்கு மேல் அப்பா யோசிப்பதில்லை. கொடி, இஸ்திரி மேஜை, மடிப்பு, மூட்டை. ஒருவரை ஒருவர் எதுவும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் விடிந்துவிடும்.

வண்டி ஒரு மோட்டார் சைக்கிள், மகளைவிட முப்பது வயது மூத்தது. ஐந்நூறு சிசி, ஒற்றைச் சிலிண்டர், பக்கத்தில் சைடுகார் என்ற பேரில் ஒரு தகரப் பெட்டி. ஏலத்தில் பழைய இரும்பு விலைக்கு எடுத்தது. முப்பத்தாறு வயதில் அம்மா அதை ஓட்டப் பழகியபோது தெருவே கைகொட்டிச் சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே கியர் மாற்றக் கற்றுக்கொண்டாள்.

மகள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். வேலை கிடைக்காத முதல் பட்டதாரியும் அவள்தான் என்று மாமா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். நான்கு கம்பெனி ஏறி இறங்கினாள். ஒரு இடத்தில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். துணி வெளுக்கிறார் என்றாள். கேட்டவர் தன் சட்டைக் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இன்னொரு இடத்தில் மதிப்பெண் எல்லாம் பிரமாதம், ஆனால் இன்ஜின் பிரிவில் பெண்களுக்குக் கழிவறை இல்லை, ஆபீசில் உட்கார்ந்து கடிதம் அடிக்கிறாயா என்றார்கள். கழிவறை கட்ட எத்தனை நாள் ஆகும் என்று இவள் கேட்டாள். நேர்முகம் அதோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல், பிழியும் உருளையைச் சுற்ற ஆரம்பித்தாள். அன்றைக்குத் துணியெல்லாம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காய்ந்ததாக அப்பா சொன்னார்.

இப்படி இருக்கும்போதுதான் ஆஸ்பத்திரியின் ஸ்டோர் பொறுப்பில் இருந்த அம்மாள் ஒரு நாள் தானே இறங்கி வந்தார். கெட்டவர் இல்லை. வந்ததும் கொதிகலன் பக்கம் போய்க் குளிர் காய்ந்தார், டீ வாங்கிக் குடித்தார், வீட்டு நலம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். போன வாரம் இரண்டாம் நடை வந்து சேர எட்டரை ஆகிவிட்டது. அங்கிகளை ஆவியில் வைத்துக் கிருமி நீக்கித்தான் தியேட்டருக்குள் கொடுக்க முடியும். அதுவரைக்கும் வயிற்றைத் திறக்க வேண்டிய நோயாளி ஒருவர் வெறும் வயிற்றோடு காத்துக் கிடந்தார்.

“உங்க வெளுப்புல எனக்கு ஒரு குறையும் இல்லைம்மா. ஆனா இனிமே எல்லாத் துணியும் ஒரே நடையில, ஆறரைக்குள்ள மேல வந்தாகணும். முடியலைன்னா சொல்லிடுங்க. டவுன் லாண்டரியில வேன் வெச்சிருக்காங்க, கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒன்னாம் தேதி காலையில பார்த்துட்டு முடிவு பண்றேன்.”

அம்மா சரி என்றாள். வேறு என்ன சொல்வது? கேட்டது நியாயமாக இருந்தால் சண்டைகூடப் போட முடியாது. ஒன்றாம் தேதிக்கு இருபத்தாறு நாள் இருந்தது. ஆஸ்பத்திரித் துணி போனால் மிச்சம் இருப்பது ஐந்தாறு வீட்டு அழுக்கு. அதற்குக் கொதிகலனை மூட்டினால் விறகு நம்மைப் பார்த்துச் சிரிக்கும் என்று அப்பா சொல்லிவிட்டு, இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். சிரிப்புக்குத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் மகள் வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்ததை அம்மா பார்த்தாள். என்னடி, அது முட்டை போடப்போகுதா, இப்படி உத்துப் பார்க்கிறே என்று கேட்டாள். வண்டிக்குக் காற்று போதவில்லை என்றாள் மகள். மலை முழுக்கக் காற்றுதானே அடிக்கிறது என்றாள் அம்மா. அடிக்கிற காற்று உள்ளே போகணுமே, மேலே போகப் போகக் காற்றும் மெலிசாகிறது, இன்ஜின் அரை வயிற்றுக்குத்தான் மூச்சு இழுக்கிறது என்று மகள் விளக்கினாள். கொதிகலன் அடுப்பில் விறகு அதேதான். ஊதினால் எரிகிற எரிச்சலே வேறு. அந்த மாதிரி இன்ஜினுக்குள் காற்றை ஊதித் தள்ள வேண்டும். அதற்கு டர்போ என்று ஒரு சாமான் இருக்கிறது. ஒரே தண்டில் இந்தப் பக்கம் ஒரு விசிறி, அந்தப் பக்கம் ஒரு விசிறி. சைலன்சர் வழியாக வீணாகப் போகிற புகை ஒன்றைச் சுற்றும். மற்றது காற்றை உள்ளே தள்ளும்.

“அப்போ வண்டி தன் அடுப்பைத் தானே ஊதிக்கும்” என்றார் அப்பா, கஞ்சிக் கையைத் துடைத்துக்கொண்டே.

நான்கு வருஷம் படித்ததை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை என்று மகளுக்குத் தோன்றியது.

மாமா அம்மாவின் தம்பி. தெருக்கோடியில் லேத் வைத்திருந்தார். இரும்பு என்றால் கை பேசும். மனிதர்கள் என்றால் வாய் மட்டும்தான் பேசும். விஷயத்தைக் கேட்டதும் லேத்தை நிறுத்திவிட்டே சிரித்தார். “இன்ஜினியரம்மா, அது கிழவி. கிழவிக்கு ரெட்டைச் சடை போட்டுவிட்டு ஓட்டப் பந்தயத்துக்குக் கூட்டிட்டுப் போறியா?”

“கிழவி ஓடுவாடா” என்றாள் அம்மா, வாசலில் நின்றபடி. “நீ சடையைப் போட்டுக் குடு.”

பேச்சு அதோடு முடிந்து, அன்றாட நடை போக மிச்ச நேரத்தில் வேலை ஆரம்பித்தது. பழைய இரும்புக் கடையில் மகள் இரண்டு நாள் புரண்டு, நசுங்கிப்போன சின்ன டீசல் கார் ஒன்றிலிருந்து டர்போவைக் கழற்றி வந்தாள். நத்தை ஓடு மாதிரி சுருண்டு, உள்ளங்கை இரண்டில் அடங்கியது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டிய பிறகு விரலால் தட்டினால் விசிறி நிற்காமல் சுற்றியது. அதை அப்படியே மாட்டிவிட முடியாது. காற்றை அதிகமாகத் திணித்தால் பழைய இன்ஜின் சம்மட்டி அடிக்கிற மாதிரி தட்டும்; பிஸ்டன் ஓட்டையாகும். அதனால் சிலிண்டருக்கு அடியில் நான்கு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றை வைத்து உயர்த்தி, அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மாமா தகட்டைக் கடைந்து கொடுத்தார். சிலிண்டர் நான்கு மில்லிமீட்டர் உயர்ந்தால் வால்வைத் தூக்கும் கம்பிகளும் அதே அளவு நீள வேண்டும் என்பது மகள் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. கம்பிகளும் தயாராக இருந்தன. காகிதத்தில் படம் போட்டுக் கொண்டுவந்தவளைப் பார்த்து, உன் படத்தை மடித்து அடுப்பு மூட்டு என்றார்.

ஒற்றைச் சிலிண்டர் விட்டு விட்டுத்தான் மூச்சு இழுக்கும். டர்போ சீராக ஊதும். இரண்டுக்கும் நடுவில் காற்று தங்க ஒரு குடம் வேண்டும். காலியான தீயணைப்புச் சிலிண்டர் ஒன்றை அறுத்து, மாமா அதற்கு இரண்டு பக்கமும் வாய் வைத்தார். டர்போவுக்கு எண்ணெய் போக மெல்லிய செப்புக்குழாய், எண்ணெயைத் திருப்பி இழுக்க ஒரு சின்ன பம்பு. முதல் ஓட்டத்தில் காற்று ஏறியதும் இன்ஜின் விக்கி நின்றது. கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் இருக்கும் பெட்ரோலை வருகிற காற்றே பின்னால் தள்ளியதுதான் காரணம். கிண்ணத்துக்கும் ஒரு குழாய் கொடுத்து இரண்டு பக்கமும் அழுத்தத்தைச் சமமாக்கி, பெட்ரோலுக்கும் ஒரு பம்பு வைத்தாள். மறுநாள் வண்டி சீறியது. வெறும் வண்டியாக மூன்றாவது திருப்பம் வரை போய்த் திரும்பிய அம்மா இறங்கி, தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துவிட்டு, என்னை யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளின மாதிரி இருந்தது என்றாள்.

அழுத்தத்தைப் பார்க்க மீட்டர் வேண்டும். கடையில் சொன்ன விலையைக் கேட்டு மகள் திரும்பிவிட்டாள். ஆஸ்பத்திரிக் குப்பையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய முள் மீட்டர் ஒன்று கிடந்தது. முந்நூறு வரைக்கும் எண் போட்டது. இந்த இன்ஜினுக்கு அதுவே தாராளம். ஹேண்டில் நடுவில் கட்டிவிட்டு, ஊசி இருநூற்றைம்பதைத் தாண்டினால் ஆக்சிலேட்டரைக் குறைக்க வேண்டும் என்று அம்மாவுக்குப் பாடம் எடுத்தாள்.

“இருநூத்தம்பதா? மனுஷனா இருந்தா எப்பவோ செத்திருப்பான்” என்றாள் அம்மா.

காற்று வடிகட்டி ஒன்றுதான் பாக்கி. மண்துகள் உள்ளே போனால் சுற்றுகிற வேகத்தில் விசிறியைத் தின்றுவிடும். ஆஸ்பத்திரி தள்ளிவிட்ட கட்டுத்துணியை நான்கு மடிப்பாக வைத்துப் பை மாதிரி தைத்தாள் மகள். கம்பி வலைக் கூடு ஒன்றின் மேல் அதை மாட்டி, லேசாக எண்ணெய் விட்டால் தூசியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். மேலே மழைக்கு ஒரு பால் பவுடர் டின். வெள்ளிக்கிழமை பையை எண்ணெயில் நனைத்துப் பிழிந்தபோது தூறல் விழுந்தது. குழாய்ப் பட்டை ஒன்றை முடுக்க வேண்டியிருந்ததால் கையிலிருந்ததைப் பக்கத்தில் எங்கோ வைத்தாள். அப்புறம் மழை வலுத்தது. வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிக்கொண்டு ஓடினாள். மறுநாள் காலை வந்து பார்த்தபோது டின் வரை எல்லாம் வண்டியில் அழகாக மாட்டியிருந்தது. மாமா மாட்டிவிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை முழுச் சுமையோடு ஒத்திகை. ஒன்றாம் தேதி திங்கட்கிழமை. மூட்டைகளுக்குப் பதிலாகக் கல் ஏற்றினார்கள். அம்மா ஓட்ட, மகள் பின்னால் உட்கார, மாமா சைக்கிளில் வேடிக்கை பார்க்க வந்தார். இரண்டாவது திருப்பத்திலேயே வண்டி சோர்ந்தது. ஊசி அறுபதைத் தாண்டவில்லை. மூன்றாவதில் சைலன்சர் நீலப்புகை கக்கியது. பாதை முழுக்க எண்ணெய் எரிந்த நாற்றம். நான்காவதில் வண்டி நின்றேவிட்டது. முன்னால் டர்போ இல்லாத காலத்திலேயே பத்து வரை ஏறிய வண்டி.

கல்லை இறக்கி ஓரத்தில் போட்டுவிட்டு உருட்டிக்கொண்டு வந்தார்கள். பிஸ்டன் ரிங் போயிருக்கும், சிலிண்டருக்குள் எண்ணெய் ஏறுகிறது, கிழவி கதை முடிந்தது என்றார் மாமா. மகளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. தகடு சரியாகக் கடையவில்லை, ஒரு பக்கம் சாய்வு, அதனால்தான் எண்ணெய் கசிகிறது என்று தெருவே கேட்கச் சொன்னாள். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தீங்களா, இல்லை வழக்கம் போலக் கட்டை விரலால் தடவிப் பார்த்தீங்களா என்று கேட்டாள்.

மாமா சைக்கிளை ஸ்டாண்ட் போட்டார். அவர் குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. “முப்பது வருஷம் லேத்துல நிக்கறேன். என் தகடு சாயாது. நாலு எழுத்து படிச்சதும் சாயறது வேற எதோ. இனிமே என் கடை வாசப்படி மிதிக்காதே.”

அம்மா இருவரையும் பார்த்தாள். போய் மூட்டையைப் பிரித்துத் துணியை ஊறவைத்தாள். அவளுக்குத் திங்கட்கிழமை இருந்தது.

ஞாயிறு மேலே நடை கிடையாது. காலையில் மகள் எல்லாவற்றையும் கழற்ற முடிவு செய்தாள். பழைய நிலைக்காவது கொண்டுவந்தால் இரண்டு நடை போகலாம். ஸ்டோர் அம்மாளின் காலில் விழுந்து இன்னொரு வாரம் கேட்கலாம். மேலேயிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தாள். முதலில் பால் டின்.

டின்னுக்குள் பை பளீரென்று இருந்தது. அவள் எண்ணெயில் நனைத்தபோது அது பழுப்பு. இப்போது பனிக்கட்டி மாதிரி வெள்ளை. விரலால் தட்டினாள். அட்டை மாதிரி டப்பென்றது. கழற்றி வாயில் வைத்து ஊதினாள். கன்னம் உப்பியது, அந்தப் பக்கம் ஒரு இழை காற்றுகூட வரவில்லை.

பையைக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். இதை யார் துவைத்தது என்று கேட்டாள்.

“நான்தான்” என்றாள் அம்மா. “கூடையில கிடந்துச்சு. பிசுக்குன்னா பிசுக்கு, அப்படி ஒரு பிசுக்கு. ரெண்டு தண்ணி சோடா போட்டேன்.”

“கூடையிலயா?”

“கூடையிலதான். வேற எங்கேருந்து எடுப்பேன்?”

அவள்தான் வைத்திருக்கிறாள். குழாய்ப் பட்டையை முடுக்கக் குனிந்தபோது, இருபத்திரண்டு வருஷமாகக் கையில் இருக்கிற துணியை எங்கே போடுவாளோ அங்கேயே போட்டிருக்கிறாள். கூடையில் விழுந்தது கூடையின் வழியில் போயிருக்கிறது. இஸ்திரி மேஜையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். “வெள்ளையாச்சேன்னு கஞ்சி போட்டேன். கொஞ்சம் தூக்கலாவே போட்டேன். ஏன், நல்லா விறைப்பா வரலையா?”

“உறை மாட்டற மாதிரி அந்தக் கூட்டுல மாட்டினதும் நான்தான்” என்றாள் அம்மா. “ஏன்டி அப்படிப் பார்க்கறே?”

மகள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. நான்கு மடிப்புத் துணிக்கும் தூக்கலாகக் கஞ்சி போட்டால் அது துணி இல்லை, சுவர். டர்போ மூச்சு இழுத்துப் பார்த்திருக்கிறது, காற்று வரவில்லை, கிடைத்ததை இழுப்போம் என்று தன் தண்டின் எண்ணெயையே உறிஞ்சி இன்ஜினுக்குள் துப்பியிருக்கிறது. நீலப்புகை அதுதான். ரிங்கும் நன்றாக இருக்கிறது, தகடும் நன்றாக இருக்கிறது.

தகடு என்றதும் சிரிப்பு நின்றது.

மாமாவின் லேத் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. கோபமாக இருக்கும்போது அவருக்கு லீவு எடுக்கத் தெரியாது. மகள் வாசலிலேயே நின்றாள். மிதிக்காதே என்று சொல்லியிருந்தாரே. வெளுத்து விறைத்த பையை உள்ளே நீட்டினாள்.

“உங்க தகடு சாயலை மாமா. தப்பு என்னுது. நானே இதைக் கூடையில போட்டிருக்கேன். அப்பா கஞ்சி போட்டிருக்காரு. தெருவுல நின்னு உங்களைப் பேசினேன். தெருவுல நின்னே தப்புன்னு சொல்லணும்னா சொல்றேன்.”

மாமா பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊதிப் பார்த்தார். பிறகு லேத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு தோள் குலுங்க ஆரம்பித்தார். டர்போவுக்குக் கஞ்சி போட்ட குடும்பம் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும் என்றார். இஸ்திரி போட்டீங்களா, மடிப்பு கலையாம வெச்சீங்களா என்று கேட்டார். கேட்டுக்கொண்டே மிச்சக் கட்டுத்துணியை எடுத்து வா, புதுப் பை தைக்கலாம் என்று கடையைப் பூட்டினார். தெருவில் நின்று சொல்ல வேண்டியதில்லை என்று வழியில் சொன்னார். ஆனால் இந்தக் கதையைத் தான் சொல்லப்போவதை யாரும் தடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

மத்தியானத்துக்குள் புதுப் பை மாட்டி, குழாய்க்குள் தேங்கிய எண்ணெயைத் துடைத்தார்கள். முழுச் சுமையோடு இன்னொரு ஒத்திகைக்கு நேரமில்லை. அழுக்குத் துணி வந்து இறங்கிவிட்டது. நாலு பேருமாக உட்கார்ந்தார்கள். மாமாகூட முதல் தடவையாகப் பிழியும் உருளையைச் சுற்றினார். இருட்டுவதற்கு முன் கடைசி விரிப்பு கொடியில் ஏறியது. வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டையும் தின்றுவிட்டு அவரவர் இடத்தில் சாய்ந்தார்கள்.

திங்கட்கிழமை மகள் ஐந்து மணி பஸ்ஸில் மேலே போய்விட்டாள். தன் எடையையும் வண்டியில் ஏற்ற அவளுக்குத் துணிச்சல் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பனி மூட்டம். பத்தடிக்கு அப்பால் பாதை காணாமல் போயிருந்தது. ஸ்டோர் அம்மாள் கம்பளிச் சால்வையோடு நின்றிருந்தார். அவருக்கு இரண்டு கவலை. துணி ஒன்று, தியேட்டர் சிஸ்டர் பஸ்ஸில் வராதது இன்னொன்று. சிஸ்டர் இல்லாமல் முதல் ஆபரேஷன் நடக்காது. கொஞ்சம் தள்ளி டவுன் லாண்டரி வேன். அதன் டிரைவர் டீ டம்ளரோடு சாய்ந்து நின்றார். இன்றைக்கே வேலை கிடைக்கும் என்று சொல்லி வரச் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது.

“பாப்பா, யாரு, வண்டியம்மா பொண்ணா?” என்றார். மலை ஏற வயசும் ஒத்துழைக்கணும், மனுஷனுக்கும் அப்படித்தான், வண்டிக்கும் அப்படித்தான் என்று தத்துவம் பேசினார். தப்பாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

ஐந்தே முக்காலுக்குக் கீழேயிருந்து சத்தம் வந்தது. பனியில் எதுவும் தெரியாது; காதுதான் கண். அந்த இன்ஜினின் அடி அவளுக்குத் தெரியும். தொப் தொப் தொப் என்று, யாரோ நிதானமாகத் துணியைக் கல்லில் அடிக்கிற மாதிரி. அதன் மேலே இப்போது புதிதாக ஒரு விசில், ஊசி நுனி மாதிரி மெல்லிசாக. நாலாவது திருப்பம். சனிக்கிழமை நின்ற இடம். நிற்கவில்லை. ஏழில் வழக்கமாக முனகும்; முனகவில்லை. ஒன்பதில் அம்மா கியரைக் குறைப்பது கேட்டது. விசில் தணிந்து திரும்ப எழுந்தது. மகள் தன்னையறியாமல் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்து. இன்னும் கொஞ்சம். கழுத்து.

சத்தம் நின்றது.

ஸ்டோர் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேன் டிரைவர் டம்ளரைக் கவிழ்த்து உதறினார். மகள் அந்த ஒரு நிமிஷத்துக்குள் இன்ஜினை மூன்று தடவை பிரித்து மூன்று தடவை மாட்டினாள். குழாய் கழன்றதா, எண்ணெய் பம்பு நின்றதா, ஊசி முந்நூறைத் தொட்டுப் பிஸ்டன் போய்விட்டதா. எல்லாவற்றையும்விட, முழுச் சுமையோடு பின்னால் உருளுமே என்ற நினைப்பு. கழுத்தில் நின்ற வண்டி திரும்ப ஏறியதாக அந்த மலையில் யாரும் சொன்னதில்லை. அவள் பாதையில் இறங்கி ஓட ஆரம்பித்தாள்.

இருபது எட்டு வைத்திருப்பாள். தொப் என்று ஒரு அடி. தொப், தொப். பளு தூக்குகிறவன் முழங்கால் நடுங்குகிற மாதிரி சத்தம் கனத்து, இழுத்து, அடுத்த அடி விழுமா விழாதா என்று தொங்கியது. விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. பிறகு விசில் கிளம்பியது. அடியிலிருந்து எழுந்து, மெலிந்து, கூராகி, பனியைக் கிழித்துக்கொண்டு மேலே மேலே போனது. பன்னிரண்டு. பதின்மூன்று. மகள் பாதை நடுவில் நின்றுவிட்டாள். மஞ்சள் விளக்கு பனிக்குள் பூத்து, அவளை ஓரம் தள்ளிக்கொண்டு போய், வாசலில் நின்றது.

பெட்டியில் மூட்டைகள் கூரை உயரத்துக்கு. அம்மாவின் பின்னால், வெள்ளை உடுப்பில், குடையை இறுகப் பிடித்தபடி தியேட்டர் சிஸ்டர். இறங்கியதும் கால் தரையில் படுகிறதா என்று பார்த்துக்கொண்டார். பஸ் தப்பிவிட்டது, நடந்து வந்துகொண்டிருந்தேன், இவங்க நிறுத்தி ஏத்திக்கிட்டாங்க என்று ஸ்டோர் அம்மாளிடம் சொல்லிவிட்டு, மேலேயிருந்த பச்சை மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

மகள் வாசலுக்குத் திரும்ப ஓடி வந்தாள். “கழுத்துலயாம்மா நிறுத்தினே? முழு லோடோட?”

“ஆள் நடந்து வருது. பார்த்துட்டு எப்படிடி போறது?”

“அங்க நின்னா எடுக்காதுன்னு பதினொரு வருஷமா நீதானே சொல்லுவே.”

அம்மா தலைத்துணியை அவிழ்த்து உதறினாள். “இப்போ இழுக்கும்னு நீ சொன்னே. இழுத்துச்சு.” இதில் கேட்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி மூட்டைக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். தெரியாமல் செய்த சாகசமில்லை. மகள் சொன்னதை நம்பி, அந்தச் சரிவில், பிரேக்கை விட்டிருக்கிறாள். பட்டம் கொடுத்த கல்லூரிகூட அவளை இவ்வளவு நம்பியதில்லை.

ஊசி எவ்வளவு காட்டியது என்று கேட்டாள் மகள். இருநூற்றெழுபது என்றாள் அம்மா. இருநூற்றைம்பதைத் தாண்டக் கூடாது என்று எத்தனை தடவை சொன்னேன் என்றதற்கு, அந்தச் சிஸ்டர் பின்னால் உட்கார்ந்துகொண்டு கத்தின கத்தலுக்கு எனக்கே இருநூறு இருந்திருக்கும் என்றாள்.

மணி ஆறு பதினெட்டு. ஸ்டோர் அம்மாள் கடைசி மூட்டை உள்ளே போகும்வரை நின்று பார்த்தார். நாளைக்கும் இதே நேரம் வந்தால் போதும், வேனைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றார். வேன் டிரைவர் அதற்குள் வண்டியைச் சுற்றி இரண்டு சுற்று வந்து, குனிந்து, இன்னும் மங்கிய சிவப்பில் தணல் பூத்திருந்த நத்தை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் பாப்பா என்று கூப்பிடவில்லை.

“ஏங்க, இது எங்க செய்யறாங்க? என் வேனும் அந்தக் கழுத்துல கஷ்டப்படுது.”

மகள் தன் தெருப் பேரைச் சொன்னாள். கூடவே, லேத் வேலை தெருக்கோடியில், இன்ஜின் வேலை துணி வெளுக்கிற வீட்டில் என்றாள். வெளுக்கிற வீடு என்பதைச் சத்தமாகவே சொன்னாள்.

ராத்திரி சேர்ந்த அழுக்கு மூட்டைகள் பெட்டியில் ஏறின. பனி கலைந்து கீழே பாதை ஒவ்வொரு திருப்பமாகத் தெரிய ஆரம்பித்தது. அம்மா ஹேண்டிலை விட்டு விலகி நின்று, இறக்கத்தில் நீ ஓட்டிக்கொண்டு வா என்றாள்.

“இறக்கத்துல யார் வேணா ஓட்டலாம்” என்றாள் மகள். “நாளைக்கு ஏத்தம் நான் ஓட்டறேன்.”

அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். “சரி. அப்போ நான் மூட்டை மேல உக்காந்து வர்றேன். என்னையும் சேர்த்து இழுக்குமா?”

மகள் வெளுத்த துணியின் எடையையும், அம்மாவின் எழுபது கிலோவையும், கழுத்தின் சரிவையும் மனதுக்குள் ஒன்றாகப் போட்டுப் பார்த்தாள். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“இழுக்கும்” என்றாள்.